பொன்னாடையோடு பஸ்ஸுக்கு நின்றவர்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலுக்குள், டெரிக் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

கழுத்தில் அவருடைய சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார் தொங்கியது. அதில் செருகிய வயரைக் கழற்றாமலே வந்திருந்தார். அது அவருக்குப் பின்னால் நடைபாதையில் இழுபட்டுக் கிடந்தது. தோளில் குங்கும நிறப் பொன்னாடை, ஒரு சாண் அகலத்துக்குச் சரிகை போட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி தன் சாமான் வண்டிலை மெல்லத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

நான் மண்டபத்துக்குள்ளிருந்து ஓடிவந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், திருவிழாவுக்குப் போட்ட புதுச் சப்பாத்தோடு ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள்.

"டெரிக், எங்க போறீர்?"

"வீட்டை," என்றார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு விளங்கிட்டுது சேவி. ஒரு குறையும் இல்லை. மரியாதையாத்தான் செய்தவை."

அவருக்கு என்ன விளங்கியது, அது எவ்வளவு பிழையாக விளங்கியது, அந்தப் பிழைக்கு நான் எப்படிக் காரணமானேன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். ஸ்ட்ரெதமில் இருந்து ஒரு வாசகி, "தம்பி சேவியர், போன வாரம் பெற்றோல் ஷெட்டில தொடங்கி மன்னார் வரைக்கும் போய்த்தான் திரும்பி வந்தீங்கள், கொஞ்சம் நேராச் சொல்லப்படாதோ?" என்று எழுதியிருக்கிறார். அக்கா, முயற்சி செய்கிறேன். ஆனால் என் வாய் அப்படிப்பட்ட வாய்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டெரிக் பேசுவது சுத்தமான கிழக்கு லண்டன் ஆங்கிலம். பழகிய இத்தனை வருடத்தில் அது என் காதில் எங்கள் தமிழாகவே விழத் தொடங்கிவிட்டது. விழுந்தபடியே எழுதுகிறேன். இது அவருக்குத் தெரியாது.

தரைக்குக் கீழே ஒரு சத்தம்

லண்டனுக்கு வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தேன். இரவெல்லாம் பெற்றோல் ஷெட்டில் வேலை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம் வரை நித்திரை கொள்ள வேண்டும். கொள்ள விட்டால்தானே! பத்து மணி ஆனால் கீழ்வீட்டில் கிற்றார் தொடங்கிவிடும். கட்டிலின் கால் வழியாக ஏறித் தலையணைக்குள் வந்துவிடும்.

ஒரு கிழமை பொறுத்தேன். எட்டாம் நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். படிகளில் வைத்தே ஆங்கில வசனத்தை அடுக்கிக்கொண்டேன். "ஐயா, நான் இரவு வேலை செய்பவன், தயவுசெய்து..." என்று தொடங்கும் வசனம். மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது.

கடைசிப் படியில் கால் வைக்கும்போது உள்ளே அவர் ஒரு கம்பியை விரலால் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தார். அந்தச் சத்தம் ஒரு சுரத்திலிருந்து புறப்பட்டு மேலே ஏறியது. ஆனால் அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் நின்று நடுங்கியது.

மன்னாரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பொக்ஸ் கிற்றார் அடித்தவன் நான். மூன்று கோட்ஸ், அதாவது மூன்று சுரக்கூட்டு, தெரியும். கோயில் பாட்டுக்கு மூன்று தாராளம். இந்த நடுவழிச் சத்தம் அந்த மூன்றுக்குள்ளும் இல்லை. ஆனால் எனக்குப் பழக்கமான சத்தம். பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர் மீன்பிடிக்காரர் உபவாசத்தோடு நின்று பாடும்போது அவர்களுடைய தொண்டைக்குள் அது இருந்தது.

கதவு திறந்தது. கதவளவு மனிதர், வீட்டுச் செருப்பு, கழுத்தில் சிவப்பு கிற்றார். நான் அடுக்கி வைத்த வசனம் எங்கேயோ போய்விட்டது.

"இப்ப வாசிச்சது," என்றேன். "இன்னொருக்கா."

அவர் என் சாரத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "உள்ள வாரும்," என்றார்.

தேத்தண்ணி தந்தார். சீனி இல்லை, ஆறிப்போனது, குடித்தேன். அந்தக் கம்பியை இன்னும் ஒரு இருபது தரம் இழுத்துக் காட்டினார். அன்றைக்குப் போன நித்திரை எனக்கு இன்னும் சரியாகத் திரும்பி வரவில்லை. அந்த நட்டத்துக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

டெரிக்கின் தாய் தகப்பன் பார்படோஸிலிருந்து வந்தவர்கள். அவர் ஃபாரஸ்ட் கேட்டில் பிறந்து வளர்ந்தவர். பஸ் டிப்போவில் பின்னேர வேலைக்குப் போகும் மெக்கானிக். என்ஜின் எண்ணெய் நகத்துக்குள் இருக்கும், அதே நகத்தால் கிற்றார் வாசிப்பார். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் ப்ளூஸ்.

சோறும் கறியும்

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் மனைவி ஜெசிந்தா ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். "பத்தாம் பாட்டும் முதலாம் பாட்டு மாதிரியே இருக்கும். ஆனா இவர் பத்துக்கும் அழுவார்."

விஷயம் தெரிந்தவர்கள் சொன்னாலும் ஏறக்குறைய அதுதான். பன்னிரண்டு தாளக்கட்டுக் கொண்ட ஒரு சுற்று. முடிந்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து. அந்தச் சின்ன முற்றத்துக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். சுவரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

டெரிக்கின் குழு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பப்பின் பின்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் வாசிக்கும். மொரீன் பேஸ் கிற்றார். வார நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், குழுவையும் அதே மாதிரித்தான் ஓட்டுவார். ஒருத்தரும் எழும்பி நடக்கக் கூடாது. ட்ரம்ஸுக்கு ஒரு மெலிந்த தபால்காரர். சில வருடம் மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என்னை ஒருநாள் ரெண்டாம் கிற்றாருக்கு ஏற்றிவிட்டார்கள். டெரிக் கறி என்றால் நான் சோறு. சோற்றை ஒருத்தரும் புகழ்வதில்லை, இல்லாவிட்டால்தான் தேடுவார்கள்.

எங்கள் வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மிச்சக் கதை விளங்கும்.

சுற்றுச் சுற்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, டெரிக் கிற்றாரின் கழுத்தைக் கீழ்நோக்கி ஒரு வெட்டு வெட்டுவார். உடனே ட்ரம்ஸ், பேஸ், நான், எல்லோரும் ஒரே அடியில் நிறுத்திவிடுவோம். அறை சட்டென்று காலியாகிவிடும். அந்த மௌனத்துக்குள் டெரிக்கின் கிற்றார் மட்டும் ஒரு வசனம் சொல்லும். சொல்லி முடித்ததும் நாங்கள் எல்லோரும் ஒன்றாக மீண்டும் பாட்டுக்குள் விழுவோம். இதற்கு எங்களிடம் பெரிய பெயரெல்லாம் இல்லை. ஸ்டொப் என்போம். பப்புக்கு வருகிறவர்கள் அந்த ஸ்டொப்புக்காகவே வருவார்கள். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரேயொரு தரம் நான் என் எலெக்ட்ரிக் கிற்றாரைத் தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோனேன். நற்கருணை வாங்கும் நேரத்து நன்மைப் பாட்டில், என்னை அறியாமல், ஒரு கம்பியை இழுத்துவிட்டேன். பூசை முடிந்ததும் அருளப்பு அண்ணை வந்தார்.

"தம்பி, அழுகைக்குப் பெரிய வெள்ளி ஒண்டு இருக்குதுதானே. அதுக்குள்ள வைச்சுக் கொள்ளுங்கோவன்."

அருளப்பு அண்ணை எங்கள் பங்குத் தமிழ்ச் சபையின் தலைவர். நான் இந்தக் கோயிலுக்கு வந்த நாளில் இருந்து அவர்தான் தலைவர். எனக்குப் பிறகும் அவராகத்தான் இருப்பார். தங்கமான மனிதர். ஒரேயொரு பலவீனம், பொன்னாடை. அவருடைய காரின் டிக்கியில் உதிரி டயர் இல்லை, பொன்னாடைகள் இருக்கின்றன. கலாநிதிப் பட்டம் எடுத்த பிள்ளைக்கு ஒன்று, மாடிப்படியில் விழுந்து தப்பியவருக்கு ஒன்று, சமையலுக்கு வந்தவருக்கு ஒன்று. லண்டனில் இத்தனை வருடம் மேடையேறியும் ஒரு கைக்குட்டைகூடப் போர்த்தப்படாத தமிழன் நான் ஒருவன்தான். அந்தக் கம்பியை இழுத்ததற்குத் தண்டனை என்று நினைக்கிறேன்.

இடது கை

போன மாரிகாலத்துக்கு முந்திய மாரியில் டெரிக்குக்கு ஸ்ரோக் வந்தது. சின்னதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பேச்சு ஒரு கிழமையில் வந்தது. நடை ஒரு மாதத்தில் வந்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் வரவில்லை. வந்தன, ஆனால் பிந்தி வந்தன. மூளை சொன்னதைக் கேட்டு, யோசித்து, பிறகுதான் அசைந்தன.

கிற்றார் வாசிப்பவனுக்கு இடது கை என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. கம்பியை இழுக்கும் விரல் அந்த மோதிர விரல்தான்.

பிசியோதெரபியில் பிசைவதற்கு ஒரு மாவுருண்டை போன்ற பொருளைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜெசிந்தா ரொட்டி மாவையே கொடுத்துவிடுவாள். "சும்மா இருந்து பிசையிறதுக்கு இதைப் பிசைஞ்சு தாங்கோ, பிரயோசனமா இருக்கும்." அவர் பிசைந்த ரொட்டியை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். கொஞ்சம் கடினம்தான்.

ஞாயிறு பின்னேரம் பப்புக்கு வருவார். பார்வையாளர் கதிரையில் இருப்பார். வாசிக்கச் சொன்னால் தலையாட்டி மறுத்துவிடுவார். ஒருநாள் நானும் அவரும் வெளியே நிற்கும்போது கேட்டேன், எத்தனை நாளைக்கு இப்படி என்று.

"இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் என்ர சத்தம் எங்க விழவேணும் எண்டு தெரியும், சேவி," என்றார். "நான் பிந்தினா அவைக்கு உடன தெரியும். தெரிஞ்சும் கை தட்டுவினம். அந்த இரக்கத்தைத் தாங்க என்னால ஏலாது."

பிறகு சொன்னார்.

"என்னைத் தெரியாத சனத்துக்கு முன்னால ஒரேயொரு பாட்டு. தொடங்கி முடிக்கவேணும். முடிச்சா திரும்பி வாறன். முடிக்க ஏலாமப் போனா கிற்றாரைப் பெட்டிக்குள்ள வைச்சு மூடுறன். பிறகு நீர் என்னைக் கேக்கப்படாது."

வெருட்டுவதற்காகப் பேசும் மனிதர் இல்லை அவர். மூடுவேன் என்றால் மூடுவார். அந்தக் கிற்றார் இல்லாத டெரிக்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரால் முடிந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை வெகு கெட்டித்தனமான யோசனை என்று அப்போது நினைத்தேன்.

"ப்ளூஸைப் பற்றி ஒண்டுமே தெரியாத முந்நூறு பேரை நான் காட்டுறன்," என்றேன். "எங்கட கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு வாரும்."

சோறு ஆறுகிற நேரம்

மாதா திருவிழாப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் கலை நிகழ்ச்சிகள். அதில் எங்கள் குழுவுக்கு ஒரு பாட்டு கேட்டு வாங்கினேன். அருளப்பு அண்ணை முதலில் யோசித்தார். டெரிக்கின் வருத்தத்தைச் சொன்னதும் அவருடைய கண் கலங்கிவிட்டது. அங்கேதான் நான் என் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினா நல்லா இருக்கும். பாட்டு முடிஞ்ச உடன."

"அதையும் நீர் எனக்குச் சொல்லவேணுமே தம்பி? முடிஞ்ச உடன நான் மேடையில நிப்பன்."

பாட்டு நடுவில் ஒருதரம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நினைவே வரவில்லை. முப்பது வருடமாக எனக்குப் பழகிப்போன ஒரு மௌனம், அது மற்றவர்களுக்குப் புதிது என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் மேசையில் ஆட்டிறைச்சிக் கறியின் மூடியைத் திறந்துவிட்டார்கள். வாசம் மேடை வரைக்கும் வந்தது. நடனப் பிள்ளைகள் சலங்கையைக் கழற்றாமல் ஓடித்திரிந்தார்கள். டெரிக் கோட் சூட்டோடு வந்திருந்தார். கிற்றாரை மாட்டும்போது அவருடைய நெற்றியில் வியர்வை கண்டேன். டிப்போவில் என்ஜினுக்குக் கீழே கிடந்து எழும்பும்போதுகூட அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

வாசித்தது அவர் தாமே கட்டிய பாட்டு. சொற்கள் இல்லாதது. மெதுவாகப் போவது. முதல் சுற்று பத்திரமாகப் போனது. கஷ்டமான இடங்களைச் சுற்றிப்போனார், தெரிந்த தெருவில் குழிகளை விலத்தி ஓட்டுகிற மாதிரி. இரண்டாம் சுற்றில் தோள் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதில் மொரீன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்ததில் டெரிக் கிற்றாரின் கழுத்தை வெட்டினார். எல்லோரும் நிறுத்தினோம்.

அந்த மௌனத்தில் மோதிர விரல் கம்பியில் ஏற வேண்டும். ஏறவில்லை.

ஒரு அடி போனது. அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் யோசித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது அடியும் போனது.

எங்கள் சனம் நல்ல சனம். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, மண்டபம் முழுக்க எழும்பிக் கை தட்டியது. விசில்கூட வந்தது. சொன்ன சொல் தவறாத அருளப்பு அண்ணை மேடையில் நின்றார். பொன்னாடை விரிந்து டெரிக்கின் தோளில் விழுந்து, சரிந்து, கம்பிகளையும் வலது கையையும் மூடியது.

"எங்கட பங்கு மக்கள் சார்பில..." என்று மைக்கில் தொடங்கினார் அண்ணை.

டெரிக் பொன்னாடையைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். அண்ணைக்கு மிக மரியாதையாகத் தலை குனிந்தார். பிறகு மேடைப் படியில் இறங்கி, மேசைகளுக்கு நடுவால் நடந்து, வாசலால் வெளியே போய்விட்டார். வயர் அம்பிளிபயரிலிருந்து பிடுங்குப்பட்டு வெடி போட்ட மாதிரிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். சபை இன்னொரு தரம் கை தட்டியது.

நான் என் கிற்றாரைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் ஓடினேன்.

மிச்சப் பாதி

"அது மரியாதை, டெரிக்," என்றேன் பஸ் நிறுத்தத்தில், மூச்சு வாங்க வாங்க. "எங்கட சனம் அப்பிடித்தான். ஆரையும் பிடிச்சா போர்த்துவினம்."

"எனக்கும் தெரியும், அது மரியாதை. போ எண்டு சொல்லுற மரியாதை." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "இருபது வயதில நான் ஒரு அமெரிக்கப் பாடகரின்ர நிகழ்ச்சிக்குப் போனனான். அந்த மனுசன் பாடிப் பாடிக் களைச்சு முழங்காலில விழுந்திடுவார். உடன ஒராள் வந்து தோளில ஒரு துணியைப் போர்த்தி, தட்டிக் குடுத்து, மெல்ல உள்ள கூட்டிக்கொண்டு போவார். போதும் ராசா, வா எண்டு. அதுதான் நடந்தது. நான் பிந்தினன். அவை கண்டிட்டினம். நல்ல மாதிரிக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்."

"ஒருத்தரும் காணேல்லை. பாட்டு முடிஞ்சுது எண்டு நினைச்சவை. போர்த்தச் சொல்லி அவரிட்டைச் சொன்னதே நான்தான். ஸ்டொப் வரும் எண்டு சொல்ல மறந்த மொக்கனும் நான்தான்."

"நீர் நல்ல சினேகிதன்," என்றார். நம்பவில்லை என்பதற்கு இதைவிட மரியாதையான வழி இல்லை. "நான் நேரத்துக்கு வாசிச்சிருந்தா அவை கை தட்ட இடம் வந்திருக்குமோ? சொல்லும்."

அது உண்மைதான். அந்த இரண்டு அடிக்குள்தான் எல்லாம் நடந்தது.

தூரத்தில் பஸ் திரும்பியது. அவர் சட்டைப் பையில் பயண அட்டையைத் தேடினார். பொன்னாடை இடைஞ்சலாக இருந்தது, பை கைக்குப் பிடிபடவில்லை. நான் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அந்தப் பாடகர் பிறகு என்ன செய்தவர்?"

"எந்தப் பாடகர்?"

"துணி போர்த்தின பாடகர். உள்ள கூட்டிக்கொண்டு போன பிறகு?"

டெரிக்கின் கை பைக்குள்ளேயே நின்றது. அவருடைய முகத்தில் ஏதோ அசைந்தது. முதலில் அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாதி தூரம் போவார்," என்றார் மெதுவாக. "பிறகு... பிறகு துணியை உதறிப்போட்டு மைக்குக்கு ஓடி வருவார். சனம் பைத்தியம் மாதிரிக் கத்தும்."

"எத்தினை தரம்?"

"மூண்டு நாலு தரம். ஒவ்வொரு இரவும்." அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சரிகை வெயிலில் மினுங்கியது. "நாசமாப் போவான், சேவி. நான் கதையின்ர மிச்சப் பாதியை மறந்து போனன்."

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. ஓட்டுநர் கிற்றாரையும் பொன்னாடையையும் வயரையும் வரிசையாகப் பார்த்தார். டெரிக் கையை அசைத்துப் போகச் சொன்னார். சாமான் வண்டில்காரப் பெண்மணி மட்டும் ஏறிக்கொண்டார், ஏறியதும் யன்னலால் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

கை தட்டப்படாது

நாங்கள் திரும்பி வந்தபோது சாப்பாட்டு வரிசை தொடங்கியிருந்தது. ஜெசிந்தா வாசலில் நின்றாள். தன் சேலையிலிருந்து ஊசி ஒன்றைக் கழற்றி, பொன்னாடையை மடித்து, டெரிக்கின் கோட்டோடு தோளில் சேர்த்துக் குத்தினாள். "இனி வழுக்காது," என்றாள். பாட்டுப் பிடிக்காதவள் மாதிரி இவளைப் பற்றி மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அருளப்பு அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் சுண்டிப்போய்விட்டது. "ஐயோ தம்பி, நடுவிலயோ போர்த்தினனான்?" என்று தலையில் கை வைத்தார். பிறகு, என்ன இருந்தாலும் தலைவர் தலைவர்தான், நேரே மேடைக்குப் போய் மைக்கை எடுத்தார்.

"சாப்பாட்டுக்கு நிக்கிறவை எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பாட்டு இன்னும் முடியேல்லை. பிழை என்னிலதான். இடையில ஒரு இடத்தில எல்லாம் நிக்கும். அந்த நேரம் ஒருத்தரும் கை தட்டப்படாது! சின்னப் பிள்ளையளைப் பிடிச்சுக் கொள்ளுங்கோ. கரண்டியளை வையுங்கோ."

முந்நூறு தமிழர், கையில் தட்டோடு, ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள், அப்படியே நின்றார்கள். பஸ்ஸுக்கோ, பூசை முடிவதற்கோ, பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுப்பதற்கோ பொறுக்கத் தெரியாத சனம். இவர்களைப் பற்றி நான் இந்தத் தொடரில் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தர்கூட அசையவில்லை.

தொடங்கினோம். சுற்றுகள் போயின. டெரிக் கிற்றாரின் கழுத்தை வெட்டினார். எல்லோரும் நிறுத்தினோம்.

இந்தத் தரமும் விரல் பிந்தியது. ஒரு அடி. சமையலறையில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. இரண்டு. ஒரு குழந்தை ஏதோ கேட்க, தாய் உஷ் என்றாள். அருளப்பு அண்ணை, தன் கைகளை நம்பாதவர் போல, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது அடியும் போனது. இந்த மௌனம் நாங்கள் பப்பில் வாசித்த எந்த மௌனத்தையும்விட நீளமானது. ஆனால் டெரிக் இப்போது விரலைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திச் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரல் ஏறியது.

கம்பி இழுபட்டது. சத்தம் ஒரு சுரத்திலிருந்து புறப்பட்டு, ஏறி, போய்ச் சேராமல் நடுவழியில் நின்று நடுங்கியது. ஃபாரஸ்ட் கேட் வீட்டின் கடைசிப் படியில் சாரத்தோடு நின்று நான் கேட்ட அதே சத்தம். வரிசையில் நின்ற யாரோ ஒரு பெரியவர், கை தட்டத் தடை என்பதால், "ஆ..." என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் மறைத்தது. கடவுளே, நன்றி, நன்றி என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் ஓடவில்லை.

அதனால், வசனம் முடிந்து நாங்கள் எல்லோரும் மீண்டும் விழவேண்டிய இடத்தில், ட்ரம்ஸ் விழுந்தது, பேஸ் விழுந்தது, நான் விழவில்லை. முப்பது வருடத்தில் முதல் தரம் என் இடத்தைத் தவறவிட்டேன். சோறு இல்லாத கறியாகப் போய்க்கொண்டிருந்தது பாட்டு.

டெரிக் திரும்பிப் பார்த்தார். நான் நின்ற நிலையைக் கண்டார். அவர் சிரித்துக்கொண்டே, மொரீனுக்குத் தலையால் காட்டி, அந்தச் சுற்றை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். நான் கண்ணைத் துடைத்து, கையைக் கம்பிக்குக் கொண்டுவரும் வரைக்கும், எனக்காகச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.